எந்த மொழியில் தொடங்குவது, எந்த வகுப்பில் மாறுவது: பயிற்று மொழிக்கு நான்கு வழிகள்

“வீட்டில் பேசுகிற மொழியிலேயே பள்ளியில் சேர்க்கலாமா, இல்லை மேல்வகுப்பில் எப்படியும் வரப்போகிற மொழியிலேயே முதலிலிருந்து போட்டுவிடலாமா?” பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்குகிற வீடுகளிலிருந்து தவறாமல் வருகிற கேள்வி இது. கேட்பவர்கள் பாதி முடிவை ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். மீதிப் பாதிக்கு ஒரு துணை தேடுவார்கள்.

கல்வியாளர்களிடம் போனால் பதில் உடனே கிடைக்கும்: தாய்மொழி. யுனெஸ்கோ 1953இலேயே அப்படிச் சொல்லிவிட்டது. பெற்றோர் அதைக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, கல்லூரியும் வேலையும் எந்த மொழியில்?” என்பார்கள். இரண்டு பக்கத்துப் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் முதல் வகுப்பின் முதல் நாளைப் பற்றியே பேசுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு நாள்: பாடம் நடக்கிற மொழி மாறும் நாள். பல மொழிகள் புழங்கும் பள்ளி அமைப்புகளில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நாள் வருகிறது. சிலருக்கு ஐந்து வயதில், சிலருக்கு ஒன்பதில், சிலருக்குப் பன்னிரண்டில். அன்றைக்குப் பிள்ளை எதைக் கையில் வைத்திருக்கிறது, அந்த வருஷம் அதன் கையைப் பிடித்துக் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் வழிகளை எடை போடுவேன்.

இந்தக் கட்டுரையில் ‘வீட்டு மொழி’ என்றால், பிள்ளை கீழே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டால் எந்த மொழியில் அழுதுகொண்டே சொல்லுமோ, அது. ‘பள்ளி மொழி’ என்றால் மேல்வகுப்புகளும் பொதுத்தேர்வும் நடக்கிற மொழி.

## எதை வைத்து எடை போடுவது

வாசிப்பு. முதல் இரண்டு வருஷத்தில் பள்ளி செய்ய வேண்டிய பெரிய வேலை இதுதான். எழுத்தை ஒலியாக்குவது ஒரு திறமை, அந்த ஒலி என்ன சொல்கிறது என்று புரிவது இன்னொன்று. தெரிந்த மொழியில் படிக்கும் பிள்ளை ‘ம... ர... ம்’ என்று தட்டுத்தடுமாறிக் கூட்டி முடித்ததும் “ஓ, மரமா!” என்று நிமிரும். அந்த ‘ஓ’தான் அதை அடுத்த சொல்லுக்கு இழுத்துப்போகிறது. தெரியாத மொழியில் எவ்வளவு அழகாகக் கூட்டினாலும் முடிவில் ஒன்றும் கிடைப்பதில்லை. எழுத்தும் ஒலியும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 13 ஐரோப்பிய மொழிகளில் பிள்ளைகளின் தொடக்க வாசிப்பை ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மற்ற மொழிகள் பலவற்றில் முதல் வருஷத்துக்குள் வந்துவிட்ட அடிப்படை, ஆங்கிலத்தில் வர இரண்டு மடங்குக்கும் மேல் காலம் எடுத்தது. ஆங்கிலத்தில் வாசிப்பைத் தொடங்கும் பிள்ளை மெதுவாகப் போனால் அதற்குப் பிள்ளை மட்டும் காரணம் இல்லை.

பாடம். கணக்குக்கு மொழி வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ‘ஃபைவ் லெஸ் தேன் ட்வெல்வ்’ என்று பள்ளியில் கேட்டால், ஆங்கிலம் புதிதான பிள்ளை காதில் விழுந்த வரிசையிலேயே 5 − 12 என்று எழுதிவிடும். ‘பன்னிரண்டைவிட ஐந்து குறைவு’ என்று தமிழில் கேட்டால் சொற்களின் வரிசையே 12 − 5தான். பிள்ளைக்குக் கழித்தல் தெரியும். விடைத்தாளில் கழித்தல் தெரியாத பிள்ளையாகத் தெரிகிறது.

பன்னிரண்டு வயதில் பள்ளி மொழி எப்படி இருக்கிறது. ஆறு வயதில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில் பயனில்லை. கனடாவின் இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொன்ன ஒரு வேறுபாடு இங்கே உதவும்: விளையாட்டிலும் பேச்சிலும் புழங்குகிற அளவுக்கு ஒரு புது மொழி ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறது. பாடப் புத்தகத்தைப் படித்து, காரணம் சொல்லி, கட்டுரை எழுதுகிற அளவுக்கு வர 5 முதல் 7 வருஷம் ஆகிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் “நன்றாகத்தான் பேசுகிறான், மார்க் மட்டும் வரமாட்டேன் என்கிறது” என்ற புலம்பல் பிறக்கிறது.

ஆசிரியரும் புத்தகமும். ஒரு மொழியைப் பேசத் தெரிவது வேறு, அந்த மொழியில் ஒளிச்சேர்க்கையை விளக்கத் தெரிவது வேறு.

அடுத்த படி. இடைநிலைப் பள்ளி எந்த மொழியில், தேர்வு எந்த மொழியில், குடும்பம் ஊர் மாறுகிற குடும்பமா?

வீடு. வீட்டுப்பாடத்தில் உதவ யாராவது இருக்கிறார்களா? பத்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளை பாட்டியோடு எந்த மொழியில் பேசும்? இதைப் பட்டியலில் கடைசியாகச் சொன்னாலும், பின்னால் அதிகம் வருந்துவது இதைப் பற்றித்தான்.

## வழி 1: வீட்டு மொழியில் நீண்ட காலம்

ஆறு அல்லது எட்டு வருஷம் எல்லாப் பாடமும் வீட்டு மொழியில் நடக்கும். பள்ளி மொழி முதல் வகுப்பிலிருந்தே ஒரு மொழிப்பாடமாகக் கூடவே வரும். பாடத்தை அந்த மொழிக்கு மாற்றுவது அதற்கப்புறம்.

இதற்கு அதிகம் சொல்லப்படும் சான்று நைஜீரியாவின் இஃபே திட்டம். 1970இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு பகுதிப் பிள்ளைகள் ஆறு வருஷமும் யொரூபா மொழியில் படித்தார்கள். ஆங்கிலத்தை ஒரு பாடமாக, அதற்கென்றே அமர்த்திய ஆசிரியர் நடத்தினார். ஒப்பீட்டுக்கு இருந்த மற்ற பிள்ளைகள் வழக்கம்போல மூன்று வருஷம் யொரூபா, அப்புறம் ஆங்கிலம். ஆறாவது முடிவில் யொரூபாவிலேயே படித்தவர்கள் மற்ற பாடங்களில் முந்தினார்கள். ஆங்கிலத்திலும் அவர்கள் பின்தங்கவில்லை. ஆங்கிலத்துக்குத் தனி ஆசிரியர் என்ற விவரத்தைப் பலரும் மேற்கோள் காட்டும்போது விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் திட்டத்தின் உயிர்நாடி என்று தோன்றுகிறது.

எத்தியோப்பியாவின் 1994 கல்விக் கொள்கை தொடக்கக் கல்வியை அந்தந்தப் பகுதி மொழிகளுக்குக் கொண்டுவந்தது. எந்த வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறுவது என்பது பகுதிக்குப் பகுதி வேறுபட்டது. எட்டாம் வகுப்பு வரை தன் மொழியிலேயே நடத்திய பகுதிகளின் பிள்ளைகள் கணிதத்திலும் அறிவியலிலும் முன்னணியில் இருந்தார்கள் என்று பின்னர் வந்த மதிப்பாய்வு காட்டியது.

மறைந்திருக்கும் செலவு மாறுகிற வருஷத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் ‘முக்கோணம்’ ஒரே நாளில் ‘டிரையாங்கிள்’ ஆகிவிடும். கருத்து மாறவில்லை, பெயர்தான் மாறியது என்று நாம் ஆறுதல் சொல்லலாம். ஆனால் பத்துப் பாடத்திலும் எல்லாப் பெயரும் ஒரே வருஷத்தில் மாறுகின்றன. அதுவும் வகுப்பில் தப்பாகப் பேசிவிட்டால் முகம் சிவக்கிற வயதில். மலேசியா இந்த இடத்தில் ஒரு பாலம் போட்டிருக்கிறது. அங்கே 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஆறு வருஷம் தமிழ்வழிக் கல்வி நடக்கிறது, மலாயும் ஆங்கிலமும் மொழிப்பாடங்கள். இடைநிலைப் பள்ளி மலாய் மொழியில். மலாய் போதுமான அளவு வராமல் ஆறாவது முடிக்கும் பிள்ளைகள் இடையில் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு மேலே போகிறார்கள். பாலம் இருப்பது நல்லதுதான், ஆனால் அதற்குக் கட்டணமாக வாழ்க்கையில் ஒரு வருஷம் போகிறது. ஆறு வருஷத்தில் மலாய்ப் பாடம் நன்றாக நடந்திருந்தால் அந்த வருஷம் மிச்சம்.

இன்னொரு செலவு மதிப்பு சம்பந்தப்பட்டது. ஹாங்காங் 1998இல் பெரும்பாலான இடைநிலைப் பள்ளிகளைச் சீன மொழிக்கு மாற்றி, 114 பள்ளிகளுக்கு மட்டும் ஆங்கிலத்தில் நடத்த அனுமதி தந்தது. அடுத்த கணத்தில் அந்த 114 பள்ளிகளும் ‘நல்ல பள்ளி’ என்று பெயர் வாங்கிவிட்டன, மற்றவற்றில் படித்த பிள்ளைகள் இரண்டாந்தரம் என்ற எண்ணத்தோடு வளர்ந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் கதை இன்னும் கசப்பானது. நிறவெறி அரசு 1953ஆம் ஆண்டின் பான்டு கல்விச் சட்டத்தின் வழியே கறுப்பினப் பிள்ளைகளுக்கு அவரவர் மொழியில் கல்வி கொடுத்தது, ஆனால் அதோடு சேர்த்துத் தரங்குறைந்த பாடத்திட்டத்தையும் கொடுத்தது. ‘தாய்மொழியில் படியுங்கள்’ என்று மேலிடத்திலிருந்து சொன்னால் ஏழைப் பெற்றோர் சந்தேகப்படுவதை அறியாமை என்று சிலர் கேலி செய்கிறார்கள். அந்தச் சந்தேகத்துக்கு வரலாறு இருக்கிறது.

இது யாருக்குப் பொருந்தும்? வீட்டு மொழியில் பாடப் புத்தகம், பயிற்சி பெற்ற ஆசிரியர் இரண்டும் உள்ள இடத்தில், பள்ளி மொழியைச் சுற்றுவட்டாரத்தில் கேட்கவே வாய்ப்பில்லாத பிள்ளைக்கு இதுவே முதல் தேர்வு. பெற்றோர் பள்ளி மொழி படிக்காதவர்கள் என்றால் இன்னும் அதிகமாக.

## வழி 2: இரண்டு மூன்று வருஷம் வீட்டு மொழி, அப்புறம் மாற்றம்

அரசுகளுக்கு மிகவும் பிடித்த வழி. கேட்க நியாயமாக இருக்கும், செலவு நடுத்தரம், யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான்கில் எனக்கு மிகக் குறைந்த நம்பிக்கை உள்ள வழியும் இதுதான்.

கம்மின்ஸ் சொன்ன 5 முதல் 7 வருஷத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு வயதில் வாரத்துக்குச் சில மணி நேரம் பள்ளி மொழியைத் தொடுகிற பிள்ளை, ஒன்பது வயதில் அதே மொழியில் அறிவியலும் வரலாறும் படிக்க வேண்டும். எந்தக் கூட்டலிலும் அது சேராது. போதாக்குறைக்கு, பாடப் புத்தகத்தின் குணமே மாறுவது ஏறக்குறைய நான்காம் வகுப்பில்தான். அதுவரை படம் பெரிது, வாக்கியம் சிறிது, பொருள் தெரிந்த பொருள். அதற்குமேல் ‘ஆவியாதல்’, ‘நாகரிகம்’, ‘எல்லைக்கோடு’ என்று வீட்டில் யாரும் பேசாத சொற்கள் வரிசையாக வருகின்றன. பாடம் கடினமாகிற அதே வருஷத்தில் மொழியையும் மாற்றுகிறோம்.

அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கான மூன்று வகைத் திட்டங்களை ஒப்பிட்டு 1991இல் வெளியான ராமிரெஸ் ஆய்வின் முடிவு பலருக்கு வியப்பாக இருந்தது. முதலிலிருந்தே ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகளுக்கும், சில காலம் ஸ்பானிஷ் உதவியோடு படித்துச் சீக்கிரம் ஆங்கிலத்துக்கு மாறியவர்களுக்கும் மூன்றாம் வகுப்பு முடிவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தாய்மொழி உதவவில்லை என்று இதற்குப் பொருள் சொன்னவர்கள் உண்டு. வேர் பிடிக்கும் முன்பே பிடுங்கி நட்டதைப் பற்றி அவர்கள் பேசவில்லை.

பிலிப்பைன்ஸ் 2009இல் கொள்கை அறிவித்து 2012 முதல் மழலை வகுப்பு தொடங்கி மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில் நடத்தியது, 19 மொழிகளில். 2024 அக்டோபரில் வந்த சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. புத்தகத் தட்டுப்பாடு, ஆசிரியருக்குப் பயிற்சி போதாமை, ஒரே வகுப்பில் பல தாய்மொழிகள் என்று பல சிக்கல்கள் அங்கே பேசப்பட்டன. பெற்றோர் கவனிக்க வேண்டியது, கொள்கை உங்கள் பிள்ளையின் படிப்புக்காலம் முடியும்வரை காத்திருக்காது என்பது. மலேசியாவும் 2003இல் அறிவியல், கணிதம் இரண்டையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், 2012 முதல் படிப்படியாகத் திருப்பிக்கொண்டது. நடுவில் படித்தவர்கள் இரண்டு திசையிலும் ஓடினார்கள்.

இங்கே வெளியே தெரியாத செலவு டியூஷன். நான்காம் வகுப்பில் மார்க் சரிந்ததும் வீடு பணத்தாலும் மாலை நேரத்தாலும் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பார்க்கிறது. முடியாத வீட்டுப் பிள்ளை ‘மக்கு’ என்று பெயர் வாங்குகிறது.

சரி, இந்த வழிதான் கிடைக்கிறது, வேறு இல்லை என்றால்? மாற்றம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எல்லாப் பாடத்தையும் ஒரே ஜூனில் மாற்றும் பள்ளியைவிட, பாடம் பாடமாக மாற்றும் பள்ளி எவ்வளவோ மேல். எந்தப் பாடத்தை முதலில் மாற்றலாம் என்பதற்கும் ஒரு துப்பு உண்டு. ஹாங்காங் இடைநிலை மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஆங்கிலத்தில் படித்ததால் வரலாறு, புவியியல், அறிவியல் மூன்றும் பலமாக அடிபட்டன, கணிதம் குறைவாகவே பாதிக்கப்பட்டது. அப்படியானால் கணிதத்தை முதலில் மாற்றி, வரலாற்றைக் கடைசிவரை வீட்டு மொழியில் வைத்திருப்பதே நியாயமான வரிசை. இரண்டு மொழிகளும் உறவு மொழிகள், எழுத்தும் ஒன்று என்றால் இந்த வழியின் ஆபத்து இன்னும் குறையும்.

## வழி 3: இரண்டு மொழியும் அக்கம்பக்கமாக

பாதி நாள் ஒரு மொழி, பாதி நாள் இன்னொன்று. அல்லது 90க்கு 10 என்று தொடங்கி மெல்ல மெல்லப் பாதிக்குப் பாதிக்கு வருவது. 1963இல் மயாமியின் கோரல் வே தொடக்கப்பள்ளி இதைச் செய்தது. கியூபாவிலிருந்து அகதிகளாக வந்த பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் இரண்டு மொழியிலும் படித்தார்கள். இந்த ஏற்பாட்டில் அழகான விஷயம், ஒரு மொழியில் திணறும் பிள்ளை இன்னொரு மொழியில் மற்றவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதுதான். எந்தப் பிள்ளையும் நாள் முழுக்க ‘தெரியாதவன்’ ஆக இருக்க வேண்டியதில்லை.

மாறுகிற நாள் என்ற பள்ளத்தை இந்த வழி பல வருஷத்துக்கு நீட்டிச் சரிவாக ஆக்கிவிடுகிறது. காகிதத்தில் பார்த்தால் நான்கிலும் இதுவே சிறந்தது.

நடைமுறையில் ‘இருமொழிப் பள்ளி’ என்ற பலகைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைப் போய்ப் பார்க்க வேண்டும். மூன்று விதமான சறுக்கல்கள் உண்டு. ஆசிரியர் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மொழியிலும் சொல்வார். பிள்ளை கெட்டிக்காரத்தனமாகத் தனக்குப் பிடித்த மொழி வரும்வரை காதை மூடிக்கொள்ளும். அடுத்தது, கணிதமும் அறிவியலும் பள்ளி மொழியில், பாட்டும் ஓவியமும் வீட்டு மொழியில் என்ற பங்கீடு. எது முக்கியமான மொழி என்று பிள்ளை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடும். கடைசியாக, தேர்வு ஒரு மொழியில் மட்டும் இருந்தால் ஐந்தாம் வகுப்பில் பாதிக்குப் பாதி என்பது 80க்கு 20 ஆகிவிடும், யாரும் அறிவிக்கமாட்டார்கள்.

இரண்டு மொழியிலும் தேர்ந்த ஆசிரியர் அரிது, ஆகவே கட்டணமும் பெரும்பாலும் கூடுதல். பாதியில் விட்டுவிட்டால் பலன் குறைவு என்பதால், ஆறு வருஷம் ஒரே இடத்தில் இருக்க முடிகிற குடும்பத்துக்கே இதைச் சொல்வேன். வாக்குப்பெட்டியும் இந்த வழியை ஆட்டிவைக்கும்: கலிஃபோர்னியா 1998இல் பொது வாக்கெடுப்பில் இருமொழி வகுப்புகளைக் கட்டுப்படுத்தியது, 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது.

## வழி 4: நேராகப் பள்ளி மொழி, வீட்டு மொழி ஒரு பாடமாக

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் கதை 1965இல் மொன்றியல் அருகே செயின்ட் லாம்பெர்ட்டில் தொடங்குகிறது. ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மொழியிலேயே பள்ளி வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். பிள்ளைகள் பிரெஞ்சு நன்றாகக் கற்றார்கள். ஆங்கில வாசிப்பு முதலில் கொஞ்சம் பின்தங்கி, ஆங்கிலப் பாடம் தொடங்கியபின் எட்டிப்பிடித்துவிட்டது. பாருங்கள், மூழ்கவிட்டால் நீச்சல் வந்துவிடுகிறது என்று இதைக் காட்டுவார்கள்.

ஆனால் அந்தக் குளத்தின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். வகுப்பில் இருந்த எல்லோருக்குமே பிரெஞ்சு புதிது. ஆசிரியருக்கு ஆங்கிலமும் தெரியும், பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால் அவருக்குப் புரியும். வீட்டு மொழியான ஆங்கிலம் கண்டம் முழுக்கச் செல்வாக்குள்ள மொழி, அது அழியும் என்ற பயம் யாருக்கும் இல்லை. பெற்றோர் தாங்களே கேட்டு வாங்கிய திட்டம். இந்த நான்கில் ஒன்றுகூட இல்லாமல், பள்ளி மொழி சரளமாகப் பேசும் முப்பது பிள்ளைகள் நடுவில் ஒரு பிள்ளையை உட்காரவைத்தால் அதற்குப் பெயர் வேறு.

சிங்கப்பூர் இந்த வழியை நாடு முழுக்க நடத்திக் காட்டியிருக்கிறது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்று மொழி ஆனது. தமிழ், சீனம், மலாய் ஆகியவை தாய்மொழிப் பாடங்கள். பாடத்திலும் தேர்விலும் அந்த அமைப்பு உலகம் மெச்சும்படி இயங்குகிறது. ஆசிரியர் பயிற்சிக்கும் புத்தகத்துக்கும் தாராளமாகச் செலவிட்ட நாடு அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுப் பக்கக் கணக்கு வேறு மாதிரி: வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலமே என்றவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3. அதே 2020இல் தமிழைச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. தாய்மொழி ஒரு பாடமாக, அரசின் முழு ஆதரவோடு இருந்தும் இந்த நிலை. வாரம் சில மணி நேரம் மட்டும் நடக்கும் மொழிப்பாடத்துக்கு அவ்வளவுதான் வலிமை.

வெளியே தெரியாத இன்னொரு செலவைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பள்ளி மொழி புரியாமல் அமைதியாக இருக்கும் பிள்ளையைக் ‘கற்றல் குறைபாடு’ என்று ஒதுக்குவதும், உண்மையிலேயே வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளையை ‘மொழி புதிதுதானே, சரியாகிவிடும்’ என்று மூன்று வருஷம் விட்டுவிடுவதும், இரண்டுமே இந்த வழியில் அதிகம் நடக்கின்றன.

அப்படியும் இதுவே சரியான தேர்வாகிற வீடுகள் உண்டு. பள்ளி மொழி ஏற்கெனவே தெருவிலும் வீட்டிலும் பாதி புழங்குகிறது, பிள்ளை நான்கு வயதிலேயே அதில் கதை கேட்கிறது. அல்லது மூன்று வருஷத்துக்கு ஒரு முறை நாடு மாறும் வேலை. அல்லது வீட்டு மொழியில் பள்ளியே கிடையாது. இந்த வீடுகளில் வீட்டு மொழி வாசிப்பைப் பள்ளிக்கு விடாமல் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும், தினம் இருபது நிமிடமாவது.

## ஒரே பார்வையில்

| | மொழி மாறும் வயது | முதல் வாசிப்பு | பெரிய மறைசெலவு | வீட்டு மொழி நிலைக்குமா |
|---|---|---|---|---|
| வழி 1: நீண்ட காலம் | 12 – 14 | எளிது | மாறும் வருஷம், ‘இரண்டாந்தரம்’ என்ற பெயர் | நன்றாக |
| வழி 2: சீக்கிர மாற்றம் | 8 – 9 | எளிது, பாதியில் நிற்கும் | நான்காம் வகுப்புச் சரிவு, டியூஷன் | சந்தேகம் |
| வழி 3: இரண்டும் | தனி நாள் இல்லை | சற்று மெதுவாக | கட்டணம், பெயரளவுப் பங்கீடு | பங்கீடு உண்மையாக இருந்தால் |
| வழி 4: நேராகப் பள்ளி மொழி | 4 – 6 | கடினம் | தவறான கணிப்பு, வீட்டுப் பேச்சு தேய்வது | வீடு உழைத்தால் மட்டும் |

## வீட்டு மொழி எது என்பதே சிக்கலானால்

அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி, வேலைக்கு வருபவர் மூன்றாவது மொழி என்ற வீடுகள் இப்போது சாதாரணம். முட்டி பெயர்ந்த சோதனையை அங்கே வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் விடை வந்துவிடும்.

இன்னொரு சிக்கல் நமக்கு நன்றாகத் தெரிந்தது. “போயிட்டு வரேன்” என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் “சென்று வருகிறேன்” என்று படிக்கிறது. அரபு மொழிப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ‘தாய்மொழியில்தானே படிக்கிறான், ஏன் திணறுகிறான்’ என்று கேட்பவர்கள் இந்தத் தூரத்தை மறந்துவிடுகிறார்கள். இதைக் கடக்கப் பள்ளி தேவையில்லை. மூன்று வயதிலிருந்து கதைப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டினால் புத்தகத் தமிழ் காதுக்குப் பழகிவிடும்.

வீட்டு மொழி பள்ளியில் கிடைக்கவே கிடைக்காது, ஆனால் இரண்டு பள்ளி மொழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால், வீட்டு மொழிக்கு உறவான மொழியைப் பாருங்கள். லக்ஸம்பர்க்கில் பிள்ளைகள் முதலில் ஜெர்மனில் எழுதப் படிக்கக் கற்பதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. போர்ச்சுகீசு பேசும் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த அந்த நாட்டில், பிரெஞ்சில் தொடங்க வாய்ப்புத் தரும் சோதனை முயற்சி 2022இல் சில பள்ளிகளில் தொடங்கியது. போர்ச்சுகீசுக்குப் பிரெஞ்சு உறவு, ஜெர்மன் தூரம்.

## பள்ளிக்குப் போய் என்ன கேட்பது

“எந்த மீடியம்?” என்று கேட்டால் பலகையில் இருக்கிற பதிலே வரும். “எந்த வகுப்பில் எந்தப் பாடத்தின் மொழி மாறுகிறது? மாறும் வருஷம் கூடுதலாக என்ன செய்கிறீர்கள்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல ஒரு நிமிடம் யோசிக்காமல் திட்டத்தை எடுத்து நீட்டும் பள்ளி அரிது, கிடைத்தால் விடாதீர்கள். மாறிய மறுவருஷம் எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போனார்கள் என்றும் மெதுவாகக் கேட்கலாம். என் பிள்ளை முதல் மாதம் வீட்டு மொழியில் கேள்வி கேட்டால் புரிந்துகொள்ளும் பெரியவர் ஒருவராவது வளாகத்தில் இருக்கிறாரா என்பது மூன்றாவது கேள்வி. அவர் ஆசிரியராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

முடிந்தால் முதல் வகுப்பை விட்டுவிட்டு நான்காம் வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் ஆசிரியரைக் கேள்வி கேட்கிறார்களா, இல்லை கோரஸாக ‘யெஸ் மிஸ்’ மட்டும் சொல்கிறார்களா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

## ஏற்கெனவே நடுவில் இருப்பவர்களுக்கு

மூன்றாவதோ நான்காவதோ படிக்கிறது, மார்க் விழுகிறது, இப்போது மீடியத்தை மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: முதலில் ஒரு சின்னச் சோதனை. பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கை வீட்டு மொழியில் சொல்லிக் கேளுங்கள். பள்ளியில் படித்த பாடத்தை வீட்டு மொழியில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே சரியாக வந்தால் சிக்கல் மொழியில். பாடத்தை வீட்டு மொழியில் ஒரு நாள் முன்னதாகப் பேசிவிட்டு அனுப்புவது பல பிள்ளைகளுக்குப் போதும், பள்ளியை மாற்றத் தேவையிருக்காது. இரண்டு மொழியிலும் வரவில்லை என்றால் மொழியைக் குற்றம் சொல்லிக்கொண்டு காலம் கடத்தாமல் வாசிப்பையும் கண்ணையும் காதையும் தகுந்தவர்களிடம் காட்டுங்கள்.

இந்தக் கட்டத்தில் சில பள்ளிகள் பெற்றோரைக் கூப்பிட்டு, “வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசுங்கள், சீக்கிரம் தேறிவிடும்” என்று அன்போடு சொல்வார்கள். அந்த மொழி உங்களுக்குச் சரளம் என்றால் பேசுங்கள், தப்பில்லை. திக்கித் திணறிப் பேசுகிற மொழி என்றால் வேண்டாம். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், மழை எப்படிப் பெய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த மொழியில் முழுதாக, குறுக்குக் கேள்விகளோடு, பதில் தெரியாத இடத்தில் ‘எனக்கும் தெரியலையே, தேடிப் பார்ப்போமா’ என்று சொல்லிப் பேசுங்கள். மறுநாள் வகுப்பில் அந்த ஆவியாதல் வேறு பெயரில் வரும்போது பிள்ளைக்குப் புதிதாக இருப்பது பெயர் ஒன்றுதான்.